முன்கதவும் மேல்மூடியும்

ஜூன் 3, செவ்வாய்

மதுரையிலிருந்து திரும்பி இன்றோடு பதினெட்டு நாள். ராஜகனிக்குத் தையல் பிரித்தாயிற்று. வலது மார்பை எடுத்திருக்கிறார்கள். அக்குளிலிருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து. நோய் பரவவில்லை, மாத்திரை போதும் என்றார் டாக்டர். அவருக்கு வயது முப்பது இருக்கும். எங்கள் இருவரையும் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்தே பேசினார். வலது கையால் பாரம் தூக்கக் கூடாது, ஈரத் துணி பிழியக் கூடாது, கை வீங்கிவிடும் என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "எப்பவுமேதான் சார்" என்று கம்ப்யூட்டரிடம் சொன்னார்.

தெருவுக்கும் உறவுக்கும் கொடுத்திருக்கும் செய்தி வேறு: கர்ப்பப்பை ஆபரேஷன். ராஜகனி அப்படிச் சொல்லச் சொன்னாள், சொன்னேன். நல்ல தேர்வு. கர்ப்பப்பை என்றால் ஆண்கள் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. பெண்கள் கேட்பார்கள்; பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். அவளுடன் பிறந்த தம்பி சுயம்புவுக்கே தெரியாது. உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர்: அவள், நான், பெங்களூரில் இருக்கும் மகள் மதிவதனி.

ஏன் மறைக்க வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். "தெரிஞ்சா, இனி யாரு வந்தாலும் என் மூஞ்சியப் பாக்கதுக்கு முன்னால அங்கதான் பாப்பாவ" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

இதுவரை துணி துவைத்தது அவள்தான், பின்னால் துவைகல்லில். இனி முடியாது. வாஷிங் மெஷின் வாங்க வேண்டும். மேலே மூடி வைத்ததா, முன்னால் கதவு வைத்ததா என்பதுதான் கேள்வி. தூத்துக்குடியில் முப்பத்தி நான்கு வருடம் நிருபராக இருந்தவனுக்கு இது ஒரு வாரத்து வேலை.

ஜூன் 4, புதன்

சுயம்பு வந்தான். இரும்புக்கடை வைத்திருப்பதால் தகரத்தில் செய்த எல்லாப் பொருளுக்கும் தானே அதிகாரி என்ற நினைப்பு அவனுக்கு. டேப்பை எடுத்து வீட்டை அளந்தான். குளியலறையில் மெஷின் நுழையாது. பின்பக்கம் கூரை இல்லை. இந்த உப்புக்காற்றில் ஆறு மாதத்தில் துருவாகிவிடும். தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் பக்கத்தில் இருப்பது ஹாலில், வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில்தான். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே மெஷின் முகத்தில் முழிக்க வேண்டும். இதுவரைக்கும் அவன் சொன்னது சரி. அளவுநாடா சொன்னது என்று வைத்துக்கொள்கிறேன்.

"ஃப்ரண்ட் லோடு எடுங்க அத்தான். எங்க வீட்ல அதான். கண்ணாடி வழியா துணி சுத்துறதப் பாத்துக்கிட்டே காபி குடிக்கலாம். டி.வி.யே வேண்டாம்."

"துணி சுத்துறதப் பாக்க எனக்கு ஆசை இல்லப்பா."

"டாப் லோடெல்லாம் பழைய ஆளுக வாங்குறது."

"நான் பழைய ஆளுதானே."

"நீங்க பழைய ஆளு. எங்க அக்கா இல்லல்லா."

தன் ஜோக்குக்குத் தானே சிரித்தான். ராஜகனி காபி கொண்டுவந்து டம்ளரை நீட்டினாள். "என்னக்கா, பீச்சாங்கையால குடுக்க?" என்றான். "மறந்துட்டேம்ல" என்று சொல்லி, டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவன் வேறு எதையும் கவனிக்கவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். அக்கா வலது கையைத் தூக்கவே இல்லை என்பது அவன் கண்ணில் படவில்லை. இப்படிப்பட்டவர்கள்தான் சம்பவ இடத்தில் கூட்டமாக நின்றுவிட்டு நேரில் பார்த்த சாட்சி என்று பேட்டி கொடுப்பவர்கள்.

ஜூன் 6, வெள்ளி

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்குப் போனேன். குளிர்சாதனம் அளவுக்கு மீறி. கழுத்துப் பட்டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் என்னை "அங்கிள்" என்றார். சார் என்று கூப்பிடச் சொன்னேன்.

நான் கேட்ட கேள்விகளும் அவர் பதில்களும்:

ஒரு முறை துவைக்க எத்தனை லிட்டர் தண்ணீர்? "ஃப்ரண்ட் லோடுல ரொம்பக் கம்மி சார்." ரொம்பக் கம்மி என்றால்? "டாப் லோடுல பாதி கூட வராது சார்." பாதி என்றால் எத்தனை லிட்டர்? காகிதத்தைத் தேடினார். காகிதத்தில் இல்லை.

பாதியில் தண்ணீர் நின்றால்? "மெஷினே வெயிட் பண்ணும் சார், அதுக்கு அறிவு இருக்கு." யாருக்கு? "மெஷினுக்கு சார்." அந்தக் கடையில் ஏதாவது ஒன்றுக்கு அது இருப்பது நல்லதுதான்.

உப்புத் தண்ணீரில் ஹீட்டர் என்ன ஆகும்? "ஒண்ணும் ஆகாது." யார் சொன்னது? "கம்பெனி." கம்பெனியில் யார்? விளம்பரத் தாள்களை நீட்டினார். இந்த மனிதரை நம்பி ஒரு வரி எழுத முடியாது. ஆனால் ஊரே இவரை நம்பி மெஷின் வாங்கிக்கொண்டு போகிறது.

அங்கே நின்ற ஒரு தம்பதியைப் பார்த்தேன். கணவர் மெஷினைத் தட்டிப் பார்த்தார், தேங்காய் வாங்குவதுபோல. மனைவி நிறத்தைப் பற்றி மட்டும் கேட்டார். வெள்ளை வேண்டாம், சாம்பல் வேண்டும் என்றார். முடிந்தது அவர்கள் ஆய்வு.

வீட்டுக்கு வந்து விளம்பரத் தாள்களை ராஜகனியிடம் காட்டினேன். முன்கதவுப் படத்தை வெகு நேரம் பார்த்தாள்.

"இதுல கதவு கண்ணாடியாவா இருக்கும்?"

"ஆமா. ஆனா உடையாத கண்ணாடி. சூடு தாங்கும். பயப்பட வேண்டாம்."

"அதுக்கில்ல" என்றாள். பிறகு தாளை மடித்துக் கொடுத்தாள்.

எதற்கில்லை என்று சொல்லவில்லை. பெண்களிடம் தொழில்நுட்பம் பேசினால் இப்படித்தான் பாதியில் நின்றுவிடும்.

ஜூன் 7, சனி

செல்போனில் பதினொரு வீடியோக்கள் பார்த்தேன். எல்லாம் "வணக்கம் நண்பர்களே" என்று தொடங்கின. ஒருவர் பின்னணி இசையோடு மெஷினைத் தடவிக்கொடுத்தார். ஒருவர் தன் தாயாரை அழுக்குச் சேலையைக் கொண்டுவந்து காட்ட வைத்தார். பதினொருவரில் ஒருவர்கூடத் தன் கையால் ஒரு வாரம் துவைத்துவிட்டுப் பேசியதாகத் தெரியவில்லை. எனக்குக் கீழே வேலை பார்த்திருந்தால் முதல் நாளே அனுப்பியிருப்பேன்.

போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, தெரிந்த ஒருவரிடம் சோதனைக்குக் கொடுத்தேன். உப்பு அதிகம் என்று ஒரே வார்த்தையில் முடித்தார். அது நாக்குக்கே தெரியும்.

ஜூன் 8, ஞாயிறு

துணி சேர்ந்துகொண்டே போகிறது.

ஜூன் 9, திங்கள்

மதிவதனி போன் செய்தாள். இதுவரை திரட்டியதைச் சொன்னேன். குனிவது, தண்ணீர், மின்சாரம், துரு, எடை, ஓடும் நேரம் என்று ஆறு தலைப்பு.

"அப்பா, நீங்க பேப்பருக்கு எழுதல. மெஷின் வாங்கப் போறீங்க."

"விசாரிக்காம வாங்கச் சொல்றியா?"

"அம்மாட்ட விசாரிச்சீங்களா?"

"கேட்டேன். எதுன்னாலும் சரின்னுட்டா."

"அம்மா எதுக்குத்தான் சரின்னு சொல்லல, இந்த முப்பத்தெட்டு வருஷத்துல?"

மகள்கள் இப்படி ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்துக்கொண்டுதான் போனை எடுக்கிறார்கள். அதுவரை துவைக்க ஒரு ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னாள். ராஜகனி போனை வாங்கி, "வெளியாள் வேண்டாம்மா, துணியெல்லாம் பாப்பாவ" என்று சொல்லிக் கொடுத்துவிட்டாள். துணியைப் பார்க்காமல் எப்படித் துவைப்பது? அர்த்தமில்லாத பேச்சு.

ஜூன் 10, செவ்வாய்

முடிவு செய்தாயிற்று. முன்கதவு.

காரணங்கள். நாலு நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் வரும் தெருவில் தண்ணீர் மிச்சம் முக்கியம். மேல்மூடி மெஷினில் தொட்டி ஆழம். ராஜகனி நாலே முக்கால் அடி. அடியில் கிடக்கும் ஈரத் துணியை எடுக்கக் கையை உள்ளே விட்டுத் தூக்க வேண்டும், அந்தக் கை ஆகாது. முன்கதவு என்றால், ஒரு ஸ்டாண்டு போட்டு உயர்த்தினால், உட்கார்ந்தபடியே துணியை இழுத்துக்கொள்ளலாம். பாரம் தூக்க வேண்டியதில்லை. உப்புப் படிவதற்கு மாதம் ஒருமுறை பொடி போட வேண்டும், போட்டுக்கொள்வேன்.

எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஓட்டை இல்லாத முடிவு. கடைக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஸ்டாண்டு வர வேண்டும், பதினேழாம் தேதி கொண்டுவருவார்கள்.

சுயம்புவிடம் சொல்ல வேண்டியிருந்தது. "நான் மொதல்லயே சொன்னேம்லா" என்றான். சொன்னது சரியாக இருப்பதும் சொல்பவனுக்குக் காரணம் தெரிந்திருப்பதும் வேறு வேறு. அது அவனுக்குப் புரியப் போவதில்லை.

ஜூன் 13, வெள்ளி

காலை நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

துணி நாள்கணக்கில் கிடந்தது. மெஷின் வர இன்னும் நாலு நாள். நானே துவைப்பது என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு வீட்டிலும் தினமும் நடக்கிற வேலை, இதில் பெரிதாக என்ன இருக்கிறது என்பது என் எண்ணம். ஆறேகாலுக்குத் தொடங்கினேன். எட்டரைக்கு முடிந்தது. என் வேட்டி இரண்டு லேசாக ரோஸ் நிறமாகிவிட்டன. இடுப்பைப் பற்றி எழுத விருப்பமில்லை.

குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு சிறிய வாளி மூடிவைத்திருந்தது. உள்ளே ராஜகனியின் துணிகள் ஊறிக்கொண்டிருந்தன. இத்தனை நாளும் அவற்றை அவளே இடது கையால் கசக்கிப் போட்டு வந்திருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. கை ஆகாது என்று டாக்டர் சொல்லியும் இப்படி. அவற்றையும் எடுத்துத் துவைத்து, எல்லாவற்றையும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்க் கொடியில் வரிசையாகப் போட்டேன். வெயில் நன்றாகப் படும்படி ஒவ்வொன்றுக்கும் இடைவெளி விட்டு, கிளிப் மாட்டி. ஒழுங்காகச் செய்த வேலை. கீழே வந்து பேப்பர் படித்தேன்.

ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்குக் கதவு தட்டும் சத்தம். மேல் வீட்டுப் பாக்கியம், ராஜகனியை மைனி என்று கூப்பிடுபவள். இவளை நான் 'மாலைப் பதிப்பு' என்பது வழக்கம். தெருவில் மூன்று மணிக்கு நடந்தது ஐந்து மணிக்குள் கடைசி வீடு வரை போய்ச் சேரும், தலைப்பும் படமும் சேர்த்து. இன்று தட்டியதும் மெதுவாக, பேசியதும் ரகசியமாக. சொன்னது இதுதான், வார்த்தை மாறாமல்:

"அண்ணாச்சி, சத்தம் போடாதீய. மாடியில மைனி பாடி கெடக்கு. நான் மட்டுந்தான் பாத்தேன். துண்டு போட்டு மூடிட்டு வந்திருக்கேன். வேற யாரும் பாக்கதுக்குள்ள போயி எடுத்திருங்க."

திரும்பிப் படுக்கையறையைப் பார்த்தேன். கட்டில் காலியாக இருந்தது.

என் தொழிலில் அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள்தான் உண்டு. பாடி ஜி.ஹெச்.சுக்குப் போயாச்சா, பாடி யாருதுன்னு தெரிஞ்சுதா, பாடியை எப்பக் குடுக்காவ. முப்பத்தி நான்கு வருடம் தினமும் யாரிடமாவது அதைக் கேட்டிருக்கிறேன். துண்டு போட்டு மூடுவார்கள் என்பதும் தெரியும். போர்வை கிடைக்காதபோது துண்டு.

மாடிக்குப் போனேன். முப்பத்தொரு படி. கால் எரிந்தபோதுதான் செருப்பு போடவில்லை என்று தெரிந்தது. தரையில் யாரும் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்தேன். கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே எட்டிப் பார்த்தேன். மூன்று பக்கமும் பார்த்தேன். பிறகு நாலாவது பக்கம்.

கொடியில், என் பனியனுக்கும் வேட்டிக்கும் நடுவில், பாக்கியத்தின் மஞ்சள் துண்டு ஒன்று விரிந்து கிடந்தது. தூக்கினேன். அடியில் ராஜகனியின் உள்ளாடை. கடைகளில் அதைப் பாடி என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள்; அந்தத் தலைமுறைப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கும் தெரிந்த விஷயம்தான். வலது பக்கத்தில் உள்ளே ஒரு துணிப்பை வைத்துத் தைத்து, பஞ்சு அடைத்திருந்தாள். தையல் கோணலாக இருந்தது. இடது கைத் தையல். பஞ்சு தண்ணீர் குடித்து, அந்தப் பக்கம் மட்டும் கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. கிளிப் மாட்டி, தெருவைப் பார்க்கப் போட்டிருந்தேன்.

தொட்டித் திட்டில் ஆறு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். வெயில் அதிகம்.

பாக்கியம் மேல்படியில் நின்றுகொண்டிருந்தாள். "பொம்பளைத் துணிய எப்பவும் ஒரு பாவாடையோ துண்டோ மேல போட்டுத்தான் காயப்போடணும் அண்ணாச்சி. தெரியாதா? எத்தனை வருஷமா கொடியப் பாக்கீய?" என்றாள். கொடியை நான் பார்த்ததில்லை.

கீழே வந்தால், ராஜகனி பின்பக்கச் சுவரில் டாக்டர் சொன்னபடி வலது கை விரல்களை மேலே மேலே நகர்த்தும் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். அதற்காகத்தான் எழுந்து போயிருக்கிறாள். என் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

"இது எப்படி ஒங்க கைல?"

"வாளியில இருந்துது. துவைச்சேன்."

"எங்க போட்டீய?"

"மாடியில."

"மேல துணி போட்டீயளா?"

"இல்ல."

"யாரு பாத்தா?"

"பாக்கியம்."

சுவரிலிருந்து கையை எடுத்தாள். "வேற ஆளே கெடைக்கலையா ஒங்களுக்கு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. நான் ரசம் வைத்தேன். நன்றாக இல்லை.

ஜூன் 14, சனி

பேச்சில்லை. "மாத்திரை" என்றேன். வாங்கிக்கொண்டாள்.

எந்த நேரமும் செய்தி வெடிக்கலாம். பாக்கியத்தின் வழக்கமான வேகத்தைக் கணக்கில் கொண்டால் நேற்று மாலையே வெளியாகியிருக்க வேண்டும். பால் வாங்கப் போனபோது ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பலசரக்குக் கடையில் நின்றேன். பேப்பர்க்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். மூன்று இடத்திலும் ஒன்றும் இல்லை. சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு நல்ல நேரம் பார்க்கிறாள் போலிருக்கிறது. அந்த வித்தை எனக்குத் தெரியாததல்ல.

ஜூன் 15, ஞாயிறு

காலை பத்து மணிக்கு இரண்டு தெருப் பெண்கள் ராஜகனியைப் பார்க்க வந்தார்கள், ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஏன் நோயாளி சாப்பிடாததையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது என்றாவது விசாரிக்க வேண்டிய விஷயம். ராஜகனி சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஜூன் மாதத்தில் சால்வை. அவர்கள் கண் எங்கே போகிறது என்பதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் பாக்கியம் ஒரு தூக்குவாளியோடு இறங்கி வந்தாள். ராஜகனி சால்வையை இன்னும் இழுத்துப் போர்த்தினாள்.

"முருங்கைக்கீரை சூப்பு மைனி. கர்ப்பப்பை எடுத்தவுகளுக்கு ரொம்ப நல்லது" என்றாள் பாக்கியம், தெருவுக்கே கேட்கும் குரலில். பிறகு அந்த இருவர் பக்கம் திரும்பி, "எங்க பெரியம்மாவுக்கு எடுத்தப்போ மூணு மாசம் குளிரு அடங்கலை. சால்வைய எறக்கவே மாட்டாவ. மைனிய ரொம்ப நேரம் உக்கார வைக்காதீய, எந்திரிங்க எந்திரிங்க" என்று அவர்களையும் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

பார்த்தும் இவளுக்கு விளங்கவில்லையே, இவ்வளவுதானா இவள் மூளை என்று சொன்னேன். இரண்டு நாளைக்குப் பிறகு ராஜகனி என்னிடம் பேசிய முதல் வாக்கியம்: "அவளுக்கு எல்லாம் வெளங்கும். ஒங்களுக்குத்தான்."

வாக்கியத்தை முடிக்கவில்லை. சூப்பைக் குடித்தாள்.

முப்பத்தி நான்கு வருடத்தில், கையில் கிடைத்த செய்தியைப் போடாமல் வைத்திருந்த ஒரு நிருபரையும் நான் பார்த்ததில்லை. என்னையும் சேர்த்து.

மாலை

சுயம்பு வீட்டில் அவன் மகன் மார்க் வாங்கியதற்கு விருந்து. நான் மட்டும் போனேன். ஹாலில் அவனுடைய முன்கதவு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. விருந்தாளி வருகிற நேரத்தில் வேண்டுமென்றே ஓடவிட்டிருக்கிறான், அதில் சந்தேகமில்லை. எதிரில் நாற்காலி போட்டு ஆறு பேர். சுயம்பு கதவைத் தட்டிக்காட்டி அதன் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தான்.

பள்ளிக்கூடச் சட்டை, சுயம்புவின் லுங்கி, பூப்போட்ட நைட்டி, ஒரு தலையணை உறை. அதற்குப் பின்னால் அவன் மனைவியின் உள்ளாடை ஒன்று கண்ணாடியில் வந்து ஒட்டியது, விலகியது, மறுபடி வந்தது. மூன்று முறை எண்ணினேன். ஆறு பேரும் காபி குடித்துக்கொண்டு அந்தக் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க அங்கே வேறு எதுவும் இல்லை. சுயம்புவின் மனைவி வடைத் தட்டோடு வந்தவள், ஒரு நொடி நின்று, தட்டை வைத்துவிட்டு, மெஷினுக்கு முன்னால் போய் எதையோ தேடுவதுபோலக் குனிந்து நின்றுகொண்டாள். அது நிற்கும்வரை அங்கேயே நின்றாள். தன் வீட்டில், தன் ஹாலில்.

ஆறு தலைப்பு எழுதியிருந்தேன். குனிவது, தண்ணீர், மின்சாரம், துரு, எடை, நேரம்.

விருந்தில் பாயசம் தித்திப்பு அதிகம்.

ஜூன் 16, திங்கள்

கடை திறக்கும்போதே போய் நின்றேன். கழுத்துப் பட்டைக்காரர் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"முன்கதவு வேண்டாம். மேல்மூடி கொடுங்க. மூடி கண்ணாடியில இருக்கக் கூடாது."

"சார், இப்பல்லாம் டாப் லோடுலயும் கண்ணாடி மூடிதான் சார் மூவிங். உள்ள நடக்கிறது தெரியும்."

"தெரியாதது வேணும்."

"தெரியாததா?" என்று திரும்பக் கேட்டார். கேள்வி கேட்பவன் இப்போது அவர் ஆகிவிட்டார். அவருடைய சக ஊழியரைக் கூப்பிட்டு, "அங்கிளுக்கு உள்ள தெரியாத மாடல் வேணுமாம்" என்றார். இருவரும் சிரிப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு குடோனில் தேடினார்கள். அங்கிள் என்றதைத் திருத்தவில்லை. ஒரு பழைய மாடல் இருந்தது. பிளாஸ்டிக் மூடி, வெள்ளை நிறம், வழவழப்பு இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கையை உள்ளே விட்டு மூடி, வெளியிலிருந்து தெரிகிறதா என்று அவரைப் பார்க்கச் சொன்னேன். "தெரியல சார்" என்றார். அவர் சொன்னதில் இது ஒன்றுதான் சோதித்து உறுதி செய்யப்பட்டது.

தொட்டியின் ஆழம் அப்படியேதான் இருக்கிறது. ராஜகனியின் உயரமும். துணியை எடுப்பது என் வேலை. அதற்கு வேறு வழி இல்லை.

வீட்டில் சொன்னேன். "மாத்திட்டேன். மேல மூடி வச்சது."

"ஏன், அதுக்கு என்ன?"

"மூடி பிளாஸ்டிக். உள்ள ஒண்ணும் தெரியாது."

கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. பிறகு, "சரி" என்றாள். இந்த முப்பத்தெட்டு வருடத்தில் அவள் சொன்ன சரிகளில் இது எந்த வகை என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. முன்னே எப்போதாவது பிரித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஜூன் 18, புதன்

சுயம்புவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கடைக்காரரும் அவனும் ஒரே டீக்கடை. ஆவேசமாக வந்தான்.

"நான் சொன்ன ஒரே காரணத்துக்காக மாத்திட்டீய. அப்படித்தானே?"

"இல்லப்பா."

"அப்ப காரணம் சொல்லுங்க. இவ்வளவு விசாரிச்சு, தண்ணிய வேற லேபுக்கு அனுப்பி, கடைசில கெழட்டு மாடலு. ஊரு சிரிக்கி அத்தான். என்ன காரணம்?"

ராஜகனி அடுக்களை வாசலில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

"எனக்குக் குனிய முடியல" என்றேன்.

"ஒங்களுக்கா? நீங்க என்னத்துக்குக் குனியணும்?"

"இனிமே துணி நான்தான் துவைக்கிறேன். மூட்டு வலி. நின்னுகிட்டே போட்டு எடுக்கணும். அதான்."

முழுதாக நான்கு நொடி என்னைப் பார்த்தான். பிறகு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, மாடியில் பாக்கியத்துக்குக் கேட்டிருக்கும். "எஸ்.பி.யையே கேள்வி கேட்ட மனுஷன்! அக்கா, இவர என்ன செஞ்சி வச்சிருக்க?" என்றான். உட்காராமலே கிளம்பினான். இதைச் சொல்ல அவனுக்கு நிறைய வீடுகள் இருக்கின்றன.

மூட்டு வலி எனக்கு இல்லை. சொல்லும்போது கொஞ்சமும் தடுமாறவில்லை.

ஜூன் 20, வெள்ளி

இரண்டு நாளில் நான்கு போன். உறவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், நல்ல சோப்புத்தூள் எது என்று என்னிடம் ஆலோசனை கேட்டார். மதிவதனிக்கு அவள் மாமா மூலமே போயிருக்கிறது. "மூட்டு வலியாப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். "மாத்திரை ஏதாவது போடுங்க" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. சிக்னல் சரியில்லை.

ஜூன் 21, சனி

மெஷின் வந்தது. ஹாலில், வாசலுக்கு எதிரே. பார்க்க நன்றாக இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

முதல் ஓட்டம். என் வேட்டி, சட்டை, துண்டுகள், ராஜகனியின் சேலை இரண்டைப் போட்டேன். சோப்புத்தூளை அளந்து போட்டு, மூடியைச் சாத்தப் போனேன்.

"இருங்க" என்றாள்.

குளியலறைக்குப் போய் அந்தச் சின்ன வாளியைக் கொண்டுவந்தாள். இடது கையால்தான். எடுத்து உள்ளே போடுவாள் என்று நகர்ந்து நின்றேன். போடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்தாள். பஞ்சு வைத்துத் தைத்ததையும். "இதைப் பிழியாம எடுக்கணும், பஞ்சு கட்டிக்கிரும்" என்றாள். சரி என்றேன். சேலைக்கு அடியில் வைத்து மூடியைச் சாத்தினேன்.

பதினைந்து நிமிடம் ஆகியிருக்காது, சுயம்பு வந்துவிட்டான். அத்தான் துணி துவைப்பதை நேரில் பார்க்க வேண்டும் என்று வந்திருக்கிறான், அதை மறைக்கவும் இல்லை. நாற்காலியை இழுத்து மெஷினுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டான். ராஜகனி காபி கொண்டுவந்தாள். சால்வை இல்லை, வெறும் சேலைத் தலைப்பு. அவன் பாதி குடித்துவிட்டு, பேசும் வேகத்தில் டம்ளரை மெஷின் மூடியின்மேல் வைத்தான். மேலே டம்ளர் லேசாக நடுங்கியது.

"என்ன மெஷினோ அத்தான். உள்ள என்ன சுத்துதுன்னே தெரிய மாட்டேங்கு. இப்படியொரு டப்பாவ எவனாவது நடு ஹால்ல வைப்பானா?"

"தெரிஞ்சு நீ என்னத்தல பண்ணப் போற?" என்றாள் ராஜகனி.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மதுரைக்குப் போனதிலிருந்து அவள் சிரிப்பதை இன்றுதான் பார்க்கிறேன். முதலில் சின்னதாக, பிறகு அடக்க முடியாமல், நெஞ்சை இடது கையால் பிடித்துக்கொண்டு, தையல் போட்ட இடம் இழுக்கிறது என்பதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்திருக்க வேண்டும். ஏனென்றால் சுயம்பு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, தன் ஜோக்குக்குத்தான் சிரிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, தானும் சேர்ந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே டம்ளரை எடுத்து மிச்சக் காபியைக் குடித்துவிட்டு, மறுபடியும் அதே மூடியின்மேல் வைத்தான்.

எடுக்கச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் காபி வேண்டுமா என்று கேட்டேன்.